வாக்குமூலம் எழுதாதவர்கள்

1997இல் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ ஓர் எண்ணை அறிவித்தது: 50. ஒரு வீரரின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவிகிதத்தைத் தாண்டினால் அவர் 15 நாட்களுக்குப் பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது. டெங்கு சீசனில் லேப் ரிப்போர்ட்டில் 'பிசிவி' என்று ஒரு வரி வருமே, தட்டணுக்களுக்கு அடுத்தபடியாக வீடே உட்கார்ந்து பார்க்குமே, அதேதான் இது. சைக்கிள்காரர்கள் ஹீமட்டோக்ரிட் என்பார்கள். ஆரோக்கியமான ஆணுக்குப் பெரும்பாலும் நாற்பதுகளில் இருக்கும். இபிஓ என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொண்டால் ஏறும். ஏறினால் தசைகளுக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் போகும். ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் மற்றவர்கள் மூச்சுவாங்கி நிற்கும் இடத்தில் நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். ரொம்ப ஏறினால் ரத்தம் கெட்டியாகி உயிருக்கே ஆபத்து.

அப்போது இபிஓவைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை கிடையாது. சிறுநீரில் அதைக் கண்டறியும் முறை 2000இல்தான் வந்தது. மருந்தைப் பிடிக்க முடியாத யூசிஐ, மருந்தின் விளைவுக்கு ஒரு வரம்பு கட்டியது. அதற்கு 'ஊக்கமருந்துப் பரிசோதனை' என்று பெயர் வைக்கவில்லை, 'ஆரோக்கியப் பரிசோதனை' என்று வைத்தது. அதாவது 51 வந்தவர் ஏமாற்றுக்காரர் இல்லை, உடம்பு சரியில்லாதவர். பாவம், ரெண்டு வாரம் ஓய்வெடுக்கட்டும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வாடிக்கையாளர் 'இரண்டு விநாடிக்குள் பக்கம் திறக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால், 1.9 விநாடியில் திறக்கும் பக்கத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிற கூட்டம் நாங்கள். வரம்பு என்று ஒன்றை எழுதி வைத்த நாளிலிருந்து அது இலக்காக மாறத் தொடங்கிவிடும். சைக்கிள் பந்தயத்திலும் அதுதான் நடந்தது. அணிகள் ரத்தத்தைச் சுழற்றிப் பார்க்கும் கையடக்கக் கருவிகளை வாங்கிக்கொண்டன. 49ஐத் தொடும்வரை ஏற்றினார்கள். பரிசோதகர் கதவைத் தட்டினால் நரம்பில் உப்புநீர் ஏற்றி எண்ணை இறக்கினார்கள். இதில் இன்னொரு கொடுமை உண்டு. இயற்கையிலேயே 48 உள்ளவருக்கு மேலே போக இடமில்லை. இயற்கையில் 42 உள்ளவருக்கோ ஏழு புள்ளி லாபம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான், உடம்பு ஒன்றில்லை.

1999 ஜூன் 5 அன்று இத்தாலியப் பந்தயமான ஜீரோவில் முதலிடத்தில் இருந்த மார்கோ பான்டானியை, மடோன்னா டி கம்பீலியோ என்ற மலை ஊரில் அதிகாலையில் சோதித்தார்கள். 52. முடிவதற்கு ரெண்டே நாள் இருந்த பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். விதிப்படி அவர் எந்தக் குற்றமும் செய்தவர் அல்ல, ஆரோக்கியம் காரணமாக ஓய்வு கொடுக்கப்பட்டவர். ஆனால் இத்தாலி முழுக்க அவரை அன்றே குற்றவாளியாகப் பார்த்தது. அந்த இடைவெளியில் விழுந்தவர் எழவேயில்லை. 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினி நகரில் ஒரு ஓட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 34.

இந்தக் காலத்தைப் பற்றி நிறைய புத்தகங்கள் வந்துவிட்டன. ஒரு தனி இலக்கிய வகை என்றே சொல்லலாம்: ஊசி போட்டுக்கொண்ட சைக்கிள் வீரரின் வாக்குமூலம். அதில் முக்கியமானவற்றை வரிசையாக வாசித்து முடித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஊசி போட்டவன் எழுதியிருக்கிறான், ஊசியை வாங்கி வந்தவன் எழுதியிருக்கிறான், ஊசியைக் குப்பையில் போட்டவர் எழுதியிருக்கிறார். 50 என்ற எண்ணை எழுதியவர்கள் மட்டும் அப்படி ஒரு புத்தகம் எழுதியதாக நான் பார்க்கவில்லை. நிர்வாகிகளிடமிருந்து வந்தவை அறிக்கைகளும் மறுப்புகளும் வழக்குகளும்தான். இந்த வகை நூல்களை விமர்சிப்பது என்றால் இந்தக் காலி நாற்காலியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாக்குமூலங்களுக்கு முன்னால் ஒரு புனிதநூல் இருந்தது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2000இல் சாலி ஜென்கின்ஸுடன் சேர்ந்து எழுதிய 'இட்ஸ் நாட் அபௌட் த பைக்'. 1996இல் விரைப்பைப் புற்றுநோய், நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய நிலை, அறுவை சிகிச்சை, கீமோ, மீண்டெழுதல், 1999இல் டூர் டி பிரான்ஸ் வெற்றி. நான் பொறியியல் படித்த காலத்தில் ஹாஸ்டலில் பாதிப் பேர் கையில் அந்த மஞ்சள் ரப்பர் வளையம் கிடந்தது, பெரும்பாலும் பிளாட்பாரத்தில் வாங்கிய நகல். சைக்கிள் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் போட்டிருந்தார்கள். புத்தகத்தின் பலம் அதுதான். அதில் சைக்கிள் ஒரு சாக்கு. நோயாளியின் உடல் பற்றிய பக்கங்கள் உண்மையானவை, இன்றைக்கு வாசித்தாலும் கையைப் பிடித்து உட்காரவைக்கும். அந்த உண்மையின் கடனில்தான் மிச்சப் பக்கங்கள் ஓடின.

2013இல் ஆம்ஸ்ட்ராங் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்ட பிறகு, கலிஃபோர்னியாவில் சில வாசகர்கள் அவர்மீதும் பதிப்பாளர்கள்மீதும் வழக்குப் போட்டார்கள். உண்மைக்கதை என்று விற்றீர்கள், புனைவு என்று தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம், காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று. நீதிமன்றம் அதே ஆண்டில் தள்ளுபடி செய்தது. புத்தகத்தின் உள்ளடக்கம் பொய்யாகவே இருந்தாலும் அது விளம்பரம் அல்ல, கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்பது சாரம். எனக்குத் தீர்ப்பில் சண்டை இல்லை. தன்வரலாற்றில் பொய் சொன்னவர்களையெல்லாம் கோர்ட்டுக்கு இழுத்தால் நம் நூலகங்களில் ஒரு அலமாரியே காலியாகும். ஆனால் அந்த வாசகர்கள் கேட்ட கேள்வி இலக்கியக் கேள்விதான்: ஒரு புத்தகத்தின் பாதி உண்மை, மீதிப் பொய்க்கு ஜாமீன் நிற்கலாமா?

இதற்குப் பதில் போல 2012இல் வந்தது டைலர் ஹாமில்டன், டேனியல் கோய்ல் எழுதிய 'த சீக்ரெட் ரேஸ்'. ஹாமில்டன் ஆம்ஸ்ட்ராங்கின் யூ.எஸ். போஸ்டல் அணியில் இருந்தவர். பிறகு வேறு அணிக்குப் போனார், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், அதே ஆண்டு ஸ்பெயின் பந்தயத்தில் வேறொருவரின் ரத்தம் உடலில் இருந்ததாக மாட்டிக்கொண்டார். வருடக்கணக்கில் மறுத்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார்.

இந்த நூலின் மிகச் சிறந்த பொருள் ஒரு வெள்ளைக் காகிதப் பை. அணிக்கு வந்த புதிதில், பந்தயம் முடிந்ததும் மூத்த வீரர்கள் சிலருக்கு மட்டும் மருத்துவர் சின்ன வெள்ளைப் பை கொடுப்பதை ஹாமில்டன் கவனிக்கிறார். அவருக்குக் கிடைப்பதில்லை. நாம் எதிர்பார்ப்பது என்ன? மனசாட்சி, போராட்டம், இரவு முழுக்கத் தூக்கமின்மை. புத்தகத்தில் வருவது அதுவல்ல. நமக்கு எப்போது ஒரு பை கிடைக்கும் என்ற ஏக்கம்தான் வருகிறது. ஆபீசில் யாருக்கு ஆன்சைட் வாய்ப்பு வருகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பவனின் அதே மனநிலை. பை கிடைத்தால் நீ பெரிய அணிக்கு உரியவன், உன்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தவறு என்பது தவறின் முகத்தோடு வருவதில்லை, பதவி உயர்வின் முகத்தோடு வருகிறது. இதைச் சொன்னதற்காகவே இந்த நூலை வாசிக்கலாம். ஒரு வீரர் தொழில்முறைக்கு வந்து சுமார் ஆயிரம் நாட்களில் ஊசிக்கு வந்துசேர்கிறார் என்ற அவருடைய கணக்கும் அப்படித்தான். முதல் வருடம் நம்பிக்கை, இரண்டாம் வருடம் புரிதல், மூன்றாம் வருடம் பை.

அவருடைய சொற்களஞ்சியமும் மறக்காது. இபிஓவுக்கு 'எட்கர்', எட்கர் ஆலன் போவின் பெயர். அமெரிக்க இலக்கியத்துக்கு இப்படி ஒரு கௌரவம் வேறெங்கும் கிடைத்திருக்காது. 1999 டூரில் பந்தயத்தைப் பின்தொடர்ந்து மோட்டார் சைக்கிளில் எட்கரைக் கொண்டுவந்த தோட்டக்காரருக்கு 'மோட்டோமேன்'.

என் குறை வேறு இடத்தில். ஹாமில்டன் நல்லவர் என்று நம்மை நம்பவைக்க நூல் ரொம்ப மெனக்கெடுகிறது. இறுதிக்கு வரும்போது அது ஓர் ஆத்மாவின் கதையாகிவிடுகிறது: மறைத்தேன், பாரம் அழுத்தியது, சொன்னேன், லேசானேன். பாவம், பாவசங்கீர்த்தனம், விடுதலை. கிறிஸ்தவ உலகின் பழைய, பலமான வடிவம் இது. ஆனால் இந்த வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு, அதில் ஒரே ஓர் ஆள்தான் முக்கியம். பாவி. கோயிலின் கணக்கு வழக்கைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத்தில் யாரும் பேசுவதில்லை. 300 பக்கம் வாசித்த பிறகும், பரிசோதனைக்கு யார் பணம் கொடுத்தார்கள், முடிவு முதலில் யார் மேசைக்குப் போனது, அந்த மேசைக்காரருக்கு வேறென்ன வேலை இருந்தது என்ற கேள்விகள் ஓரத்திலேயே நிற்கின்றன.

அதற்கு 22 வருடம் முன்பே வந்த பால் கிம்மேஜின் 'ரஃப் ரைட்' என் கணக்கில் இதைவிட நல்ல புத்தகம். அயர்லாந்துக்காரர். 1986 முதல் 1989 வரை தொழில்முறையில் ஓட்டினார். எதையும் ஜெயிக்காதவர். அணித் தலைவனுக்குக் காற்றைத் தடுத்து முன்னால் ஓட்டுவதும், தண்ணீர் பாட்டில் சுமந்து வருவதும்தான் அவர் வேலை. இபிஓவுக்கு முந்தைய காலம், ஆம்ஃபெட்டமின் காலம். டூர் முடிந்ததும் பிரெஞ்சு ஊர்களில் நடக்கும் காட்சிப் பந்தயங்களில் பரிசோதனை இருக்காது, எல்லாருக்கும் தெரியும். அங்கே கிம்மேஜ் போட்டுக்கொள்கிறார். ஜெயிக்க அல்ல, கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை ஓட்டி முடிக்க.

இந்த நூலில் வீழ்ச்சியும் இல்லை, மீட்சியும் இல்லை. களைப்புதான் இருக்கிறது. மழை, மோசமான ஓட்டல் சாப்பாடு, சம்பளக் கவலை, காலையில் எழும்போது தொடைகள் மரக்கட்டை. ஊக்கமருந்து இங்கே பேராசையின் கதையாக வருவதில்லை, தொழிலாளியின் கதையாக வருகிறது. ஓவர்டைம் செய்பவன் எதற்கு ஐந்தாவது காப்பி குடிக்கிறானோ அதற்கு. அதனாலேயே கிம்மேஜ் விரலை நீட்டும் திசையும் வேறு. பரிசோதனை இல்லாத பந்தயத்தை ஏற்பாடு செய்தவர் யார், அதை அனுமதித்தவர் யார்?

புத்தகம் வந்ததும் அவரைச் சைக்கிள் உலகம் ஒதுக்கியது. சூப்பில் துப்பிவிட்டான் என்பது பெலோட்டான் வழக்கில் அதற்கான சொல். நம் ஊரில் உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்போம். இரண்டு சொலவடையிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது: சோறு எப்படி வந்தது என்று கேட்கும் உரிமையை, சோறு தின்றவனிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. 2012 தொடக்கத்தில் யூசிஐயின் அப்போதைய தலைவர் பாட் மெக்வைடும் முன்னாள் தலைவர் ஹெய்ன் வெர்ப்ரூகனும் கிம்மேஜ்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். அவர் எழுதியவையும் பேட்டிகளில் சொன்னவையும் தங்கள் பெயரைக் கெடுத்தன என்று. அந்த அக்டோபரில் ஒரு கோப்பு வெளியானது, வழக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

அந்தக் கோப்பு, அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான யூசாடா 2012 அக்டோபர் 10 அன்று வெளியிட்ட முடிவறிக்கை. 202 பக்கம். இணைப்புகளோடு ஆயிரத்துக்கும் மேல். 26 பேரின் உறுதிமொழிச் சாட்சியம், அதில் 11 பேர் ஆம்ஸ்ட்ராங்கின் அணித்தோழர்கள். சட்ட ஆவணம்தான். ஆனால் இந்த விஷயத்தில் நான் வாசித்த மிகச் சிறந்த நாவல் அதுதான் என்றால் மிகையில்லை. ஆண்டுவாரியாக அத்தியாயம் பிரித்திருக்கிறார்கள். எந்த இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை.

அதில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வருகிறது. 2003. ஸ்பெயினின் ஜிரோனா நகரில் ஆம்ஸ்ட்ராங்கின் குடியிருப்பு. அவர் ஊருக்குப் போகும்போது ஃப்ளாய்ட் லாண்டிஸை அங்கே தங்கவைக்கிறார். உள்ளே பெட்டியில் ரத்தப் பைகள் இருக்கின்றன. கரண்ட் போகாமல், வெப்பநிலை மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உலகின் மிகப் பெரிய சைக்கிள் அணியின் ரகசியத் திட்டம், ஃப்ரிட்ஜுக்கு ஓர் ஆள் காவல் இருப்பதில் வந்து நிற்கிறது. இரவில் சர்வர் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சலிப்பின் வாசனை தெரியும்.

இன்னொரு இடம். 1998 உலக சாம்பியன்ஷிப். பரிசோதகர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அணி மருத்துவர் மழைக்கோட்டுக்குள் ஒரு லிட்டர் உப்புநீர்ப் பையை மறைத்து, யூசிஐ ஆளைத் தாண்டிக் கொண்டுபோய் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஏற்றுகிறார். முதலில் சொன்ன 50 நினைவிருக்கிறதல்லவா, அதற்காகத்தான்.

டேவிட் ஸப்ரிஸ்கியின் சாட்சியத்தை மட்டும் என்னால் வேகமாக வாசித்துக் கடக்க முடியவில்லை. அவருடைய அப்பா போதைப் பழக்கத்தால் அழிந்தவர். அந்த வீட்டிலிருந்து தப்பிக்க அந்தப் பையன் கண்டுபிடித்த வழி சைக்கிள். அப்பாவைப்போல ஆகமாட்டேன் என்று சபதம். 2003இல் ஜிரோனாவில் அணி இயக்குநர் யோஹான் ப்ருனீல் அவரையும் மைக்கேல் பாரியையும் உட்காரவைத்து இபிஓ பற்றிப் பேசுகிறார். ஸப்ரிஸ்கி கேள்விமேல் கேள்வி கேட்கிறார். உடம்புக்கு என்ன ஆகும், பிற்காலத்தில் பிரச்சினை வருமா என்று. கடைசியில் சம்மதிக்கிறார். அன்றிரவு அறைக்குப் போய் அழுகிறார். யூசாடா வழக்கறிஞர்கள் இதற்கு ஒரு உரிச்சொல்கூடச் சேர்க்கவில்லை. கோய்ல் எழுதியிருந்தால் மூன்று பக்கம் ஆக்கியிருப்பார்.

வாக்குமூலம், சாட்சியம் என்று தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் உண்டு. வாக்குமூலத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். சாட்சியத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலாவதற்குப் பதிப்பாளர் கிடைக்கிறார், முன்பணம் கிடைக்கிறது, மன்னிப்பும் ஓரளவு கிடைக்கிறது. இரண்டாவதற்கு என்ன கிடைக்கும் என்பதற்கு எம்மா ஓரெய்லியைப் பார்க்கலாம். யூ.எஸ். போஸ்டலில் மசாஜ் உதவியாளராக இருந்த டப்ளின் பெண். வீரர்களின் ஊசிகளை அப்புறப்படுத்தியவர், ஊசித்தழும்பை மறைக்க மேக்கப் வாங்கிக் கொடுத்தவர். 1999 டூரில் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்ட்டிகோஸ்டிராய்டு தெரிந்தபோது, இருக்கையில் உரசி வந்த புண்ணுக்கான களிம்பு என்று பழைய தேதி போட்டு மருந்துச் சீட்டு தயாரிக்கலாம் என அவர்கள் பேசியதை, மசாஜ் செய்துகொண்டிருந்தபோது காதால் கேட்டவர். இதை டேவிட் வால்ஷ், பியர் பாலஸ்டர் எழுதிய 2004 நூலில் பதிவு செய்தார். ஆம்ஸ்ட்ராங் அவர்மீது வழக்குப் போட்டார். அவருடைய நடத்தையைக் கேவலமாகப் பேசினார். பெட்ஸி ஆண்ட்ரூ இன்னொருவர். 1996இல் மருத்துவமனை அறையில், எடுத்துக்கொண்ட மருந்துகளை ஆம்ஸ்ட்ராங் மருத்துவரிடம் பட்டியலிட்டதைக் கேட்டதாகச் சத்தியம் செய்து சொன்னவர். அவருக்கும் அதே மரியாதைதான். யூசாடாவிடம் சாட்சி சொன்ன அணித்தோழர்கள் சிலருக்கோ ஆறு மாதத் தடை, அதுவும் பெரும்பகுதி பந்தயம் இல்லாத குளிர்காலத்தில். இரண்டு பெண்களும் ஏறக்குறைய எட்டு வருடம் முன்னாலேயே சொன்ன அதே விஷயத்துக்கு!

சரி, நிர்வாகம்? 2013இல் யூசிஐ தலைமைக்கு பிரையன் குக்சன் வந்த பிறகு ஒரு சுயாதீன விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சுவிஸ் அரசியல்வாதி டிக் மார்ட்டி தலைமையில் மூன்று பேர். 2015 மார்ச்சில் அறிக்கை வந்தது. யாரும் இலக்கியமாக வாசிக்காத ஆவணம், நடை அவ்வளவு வறட்சி. ஆனால் காலி நாற்காலியில் அமர்ந்தவர்களின் நிழலாவது தெரிவது இங்கேதான்.

எல்லாரும் எதிர்பார்த்தது லஞ்சம். ஆம்ஸ்ட்ராங் யூசிஐக்கு நன்கொடை கொடுத்திருந்தார், ஒருமுறை 25,000 டாலர், இன்னொருமுறை 1,00,000 டாலர். 2001 சுவிட்சர்லாந்துப் பந்தயத்தில் அவருடைய சந்தேகத்துக்குரிய மாதிரியை மறைக்கத்தான் அந்தப் பணம் என்று பேச்சு. குழு அதற்கு ஆதாரம் இல்லை என்றது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று முடித்திருந்தால் நமக்கெல்லாம் நிம்மதியாக இருந்திருக்கும். அறிக்கை சொல்வது அதைவிடச் சங்கடமானது. வேலிக்காரரும் விளைச்சலை விற்பவரும் ஒரே ஆள். சைக்கிள் பந்தயத்தை உலகமெங்கும் பரப்ப வேண்டும், புதிய நாடுகள், புதிய விளம்பரதாரர்கள் வேண்டும். அதே அலுவலகம்தான் பரிசோதனையும் நடத்த வேண்டும். ஒவ்வொரு பாசிட்டிவும் அதன் சொந்தச் சரக்கின் விலையைக் குறைக்கும். 1998 டூரில் ஃபெஸ்டினா அணியின் காரை பெல்ஜிய எல்லையில் சுங்கத்துறை மடக்கி, உள்ளே பெட்டி பெட்டியாக இபிஓவைக் கண்டெடுத்தது. கவனியுங்கள், பிடித்தது சுங்கத்துறை, யூசிஐயின் பரிசோதனை அல்ல. அடுத்த ஆண்டே புற்றுநோயை வென்ற ஒருவர் மஞ்சள் சட்டையில் வந்து நின்றால், விளையாட்டின் மானம் காக்க வந்தவராக அவரைப் பார்க்காமல் யார்தான் இருப்பார்கள்?

அப்படிப் பார்த்ததன் விளைவுகளை அறிக்கை அடுக்குகிறது. 1999இல் பழைய தேதிச் சீட்டைத் தன் விதிக்கு மாறாக யூசிஐ ஏற்றுக்கொண்டது. 2005இல் பிரெஞ்சு நாளிதழ் லெகிப், 1999 மாதிரிகளில் இபிஓ இருந்ததை வெளியிட்டபோது, யூசிஐ 'சுயாதீன' விசாரணை ஒன்றை அமைத்தது. ஆம்ஸ்ட்ராங்கின் வழக்கறிஞர்கள் அந்த அறிக்கையின் வரைவிலேயே கை வைத்திருந்தார்கள், வெளியே சொல்லவில்லை. 2009இல் ஓய்விலிருந்து திரும்புகிறவர் ஆறு மாதம் பரிசோதனைப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆம்ஸ்ட்ராங்குக்கு நாள் போதவில்லை. அலுவலர்கள் வேண்டாம் என்றும் மெக்வைட் அனுமதித்தார். அதே நாளில், மெக்வைடின் சொந்த நாடான அயர்லாந்தில் நடக்கும் பந்தயத்தில் ஓட்டுவதாக ஆம்ஸ்ட்ராங் சொன்னார். உடன்பாடு இருந்ததாக ஆதாரம் இல்லை, நாள் ஒன்றுதான் என்கிறது குழு. எழுத்தாளனாக இருந்தால் இதை ஒரு சிறுகதையின் கடைசி வரியாக வைத்திருப்பேன்.

அமைப்புதான் எல்லாம், தனிமனிதன் சூழ்நிலைக் கைதி என்று நான் சொல்ல வருவதாக யாராவது நினைத்தால், அவர்களுக்கு கிறிஸ்டோஃப் பாஸோன்ஸ் இருக்கிறார். ஃபெஸ்டினா அணியிலேயே ஊசி வேண்டாம் என்று நின்றவர். 1999 டூரில் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். சக வீரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆம்ஸ்ட்ராங் பந்தயத்தின் நடுவிலேயே பக்கத்தில் வந்து, போய்விடு என்றார். சில நாளில் பாஸோன்ஸ் போய்விட்டார். ஆகவே மறுக்க முடிந்தது, மறுத்தவர் இருந்தார். அவரும் புத்தகம் எழுதினார், ஆனால் ஹாமில்டனுக்குக் கிடைத்த வாசகர்களில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். பாவமே செய்யாதவனின் பாவசங்கீர்த்தனத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? இந்த இலக்கிய வகையின்மேல் என் பெரிய புகார் இதுதான். தவறு செய்தவனையே அது சுவாரசியமான மனிதனாக வைத்திருக்கிறது.

இதற்கிடையில் விதிகள் மாறாமல் இல்லை. ஃபெஸ்டினா அதிர்ச்சியில் 1999இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பிறந்தது. சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதினால் 'வாடா' என்று வருகிறது, யாரையோ சண்டைக்குக் கூப்பிடுவதுபோல். 2008இல் யூசிஐ உயிரியல் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தது. எல்லாருக்கும் ஒரே 50 என்பது போய், ஒவ்வொரு வீரரின் ரத்தத்தையும் அவருடைய சொந்தப் பழைய அளவுகளோடு ஒப்பிடும் முறை. எங்கள் தொழிலில் இதைத்தான் முதல் நாளே செய்திருப்போம் என்று பீற்றிக்கொள்ளத் தோன்றுகிறது, ஆனால் அதையும் ஏய்க்கும் வழி சீக்கிரமே வந்தது: மிகச் சிறிய அளவில் அடிக்கடி போட்டுக்கொள்வது. இரவு 11 முதல் காலை 6 வரை பரிசோதகர் வருவதில்லை என்பதால் படுக்கப் போகும்முன் போட்டால் விடிவதற்குள் தடம் அழிந்துவிடும் என்று வீரர்கள் கணக்குப் போட்டதை மார்ட்டி குழுவே பதிவு செய்தது. தன்னிடம் பேசியவர்களில் ஒருவர் இன்றைக்கும் 90 சதவிகிதம் பேர் போடுகிறார்கள் என்றார், இன்னொருவர் 20 என்றார் என்றும் அது எழுதியது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் ஓர் அமைப்பு எதை அளந்துகொண்டிருந்தது? 2021இல் யூசிஐ பரிசோதனைப் பொறுப்பைச் சர்வதேச பரிசோதனை முகமையிடம் ஒப்படைத்தது. வேலிக்காரரையும் விற்பவரையும் பிரிக்க, 50இலிருந்து கணக்கிட்டால் 24 வருடம்.

கடைசியாக, ஆசிரியர் பெயர் இல்லாத ஒரு நூல்தொகுதி. 2006 மே மாதம் மாட்ரிட்டில் மருத்துவர் யூஃபெமியானோ ஃபுவென்டெஸின் இடங்களில் ஸ்பெயின் போலீஸ் சோதனை போட்டு 200க்கும் மேற்பட்ட ரத்தப் பைகளைக் கைப்பற்றியது. பைகளில் பெயர் கிடையாது, குறிச்சொற்கள்தான். இத்தாலி வீரர் இவான் பாஸ்ஸோவுக்கு 'பிரில்லோ', அவர் வீட்டு நாயின் பெயர். அன்றைக்கு ஸ்பெயினில் ஊக்கமருந்து சட்டப்படி குற்றமே இல்லை. பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்றுதான் வழக்குப் போட முடிந்தது. 2013இல் கீழ்நீதிமன்றம் ஃபுவென்டெஸுக்கு ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்துவிட்டு, பைகளை அழிக்கச் சொன்னது. மேல்முறையீடு. 2016 ஜூனில் மாட்ரிட் நீதிமன்றம் ஃபுவென்டெஸை விடுதலை செய்தது, பைகளை வாடாவிடமும் யூசிஐயிடமும் ஒப்படைக்கச் சொன்னது. ஊக்கமருந்து வழக்குகளுக்கான பத்து வருடக் காலவரம்பு அப்போது முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது.

வாடா பைகளை வாங்கிக்கொண்டது. மரபணுச் சோதனை செய்து, வேறு மாதிரிகளோடு ஒப்பிட்டது. 2019இல் முடிவைச் சொன்னது: 11 விளையாட்டு வீரர்களை அடையாளம் கண்டுவிட்டோம், பத்து ஆண்கள், ஒரு பெண். காலவரம்பு கடந்துவிட்டதால் பெயர்களை வெளியிட முடியாது.

பதினொரு பேரும் தாங்களாக எழுதினால்தான் உண்டு.